பேசும் ஊரும் பேசாத ஊரும்

தென் இத்தாலியின் சிற்றூர்களைச் சுற்றிவந்து, தாமே படம் பிடித்து, தாமே தொகுத்து, இணையத்தில் ஏற்றுகின்ற அன்பர்கள் இன்று பெருகியுள்ளனர். பெரும்பொருள் வேண்டுவதில்லை, கைப்பேசி ஒன்றே போதும். ஆயினும் இத்தகைய வீட்டுப் பயணப் படங்கள் பலவற்றைக் கண்டு முடித்தபின் நம் நெஞ்சில் நிற்பது ஊரன்று. படமெடுத்தவரின் முகமும் குரலுமே. 'எவ்வளவு அழகு, பாருங்கள்' என்று அவர் ஓயாமல் சொல்லிச் செல்கிறார். நாம் பார்ப்பதற்கு இடம் எங்கே?

இக்குறையை ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து விலக்கியவர் ஒருவர் உளர். பலெர்மோ நகரிற் பிறந்த வித்தோரியோ தெ சேத்தா (1923–2011) என்பார், 1954 முதல் 1959 வரை சிசிலி, கலாப்ரியா, சார்தீனியா ஆகிய பகுதிகளிற் பத்துக் குறும்படங்கள் எடுத்தார். பெரும்பாலானவை பத்து நிமிட அளவின. ஒளிப்பதிவு, தொகுப்பு ஆகியவற்றைப் பெரும்பாலும் தாமே செய்தார். அக்காலத்துக் குறும்படங்களில், கம்பீரமான குரலில் ஒருவர் எல்லாவற்றையும் வருணிப்பது வழக்கம். தெ சேத்தா அக்குரலை நீக்கிவிட்டார். தொடக்கத்திற் சில வரிக் குறிப்பு. அதன்பின் ஊரின் ஓசைகளே.

மெசினா நீரிணையில் வாள்மீன் பிடிக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். உயர்ந்த கம்பத்தின்மேல் நிற்பவன் மீனைக் கண்டு கூவுகிறான். துடுப்பு வலிப்போர் விரைகின்றனர். கூவலின் வேகமே நமக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. அம்மொழி தெரியாதவர்க்கும் விளங்குகிறது. 1959-இல் எடுத்த 'மறக்கப்பட்டோர்' என்னும் படம், கலாப்ரிய மலைமேலுள்ள அலெசாந்திரியா தெல் கர்ரெத்தோ என்ற ஊரைக் காட்டுவது. அந்நாளில் அவ்வூருக்கு வண்டிப்பாதை இல்லை. ஊரார் காட்டில் ஒரு பெரிய மரத்தை வெட்டி, மலைச்சரிவில் இழுத்து வந்து, விழாவிற்காக நாட்டுகின்றனர். இழுப்போரின் மூச்சும் ஆரவாரமும் இசையும் கலந்து வரும் அப்பகுதிக்கு எந்த விளக்கவுரை ஈடாகும்?

இது கேட்பதற்கு எளிது, செய்வதற்கு எளிதன்று. அவ்வோசைகள் படத்தோடு ஒருங்கே பதிந்தவை அல்ல. அதே இடங்களில் ஒலிப்பதிவுக் கருவியால் தனியே திரட்டி, பின்னர்ப் படத்தோடு இசைத்தவை. வீட்டில் படம் செய்வோர் இதனைக் கற்கலாம். காட்சியை எடுத்தபின் வாய்திறவாமல் அங்கேயே பத்து நிமிடம் நின்று, சந்தையின் இரைச்சலையோ கோவில் மணியையோ தனியே பதிவு செய்துகொள்ளலாம். காற்று மோதிக் கெடுத்த ஒலிக்கு மாற்றாகவும் அது உதவும்.

ஆனால், வாய்மூடி இருப்பதே எங்கும் சிறந்த வழி என்று கூறிவிட முடியுமா? முடியாது. தெ சேத்தாவிடமே குறை உண்டு. 1955-இல் எடுத்த கந்தகச் சுரங்கப் படத்தில் தொழிலாளர் நிலத்துக்குள் இறங்குவதைக் காண்கிறோம். அவர்கள் பெற்ற கூலி என்ன, சுரங்கம் எவருடையது என்பவற்றை அறியோம். உழைப்பின் அழகு அதன் விலையை மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

மத்தேராவில் இச்சிக்கல் இன்னும் பெரிது. பயணப் படம் எடுப்போர் தவறாமற் செல்லும் ஊர் இது. பாறையிற் குடைந்த வீடுகள் கொண்ட 'சாஸ்ஸி' பகுதி 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. இன்று அங்குக் குகைகளே விடுதிகள். ஜேம்ஸ் பாண்டின் மோட்டார் வண்டி எந்தத் தெருவில் ஓடிற்று என்று காட்டவும் சிலர் மறப்பதில்லை! ஆனால், அக்குகைகளில் மனிதரும் கழுதையும் ஒருங்கே வாழ்ந்த வறுமையைக் கார்லோ லேவி 1945-இல் வெளிவந்த தம் நூலில் உலகறியச் செய்தார். 1952-இல் அரசு சட்டம் இயற்றிற்று. அதன்படி ஏறத்தாழ 15,000 மக்கள் குகைகளைவிட்டுப் புதுக்குடியிருப்புகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். இங்கே படமெடுப்பவர் வாய்மூடினால் கேட்கப்போவது விடுதியின் கிண்ண ஓசைதான். ஓசைக்குரியவர் அங்கே இல்லையே! வெறுங்கல்லைக் காட்டி 'அழகு' என்பதும், ஒன்றும் சொல்லாது நகர்வதும் ஈண்டு ஒரே பிழையாகும். ஆண்டையும் தொகையையும் சொல்லத்தான் வேண்டும்.

சொல்வதோடும் நில்லாமல், ஒலிப்பதிவுக் கருவியுடன் லா மார்த்தெல்லா வரை சென்றுவரலாம். குகைமக்களுக்கென 1950-களில் எழுந்த சிற்றூர் அது. மத்தேராவிலிருந்து சில கல் தொலைவே. குகையிற் பிறந்த முதியவர் எவரேனும் அங்கு இருப்பின், அவர் பேசட்டும். விடுதி மாடியிலிருந்து எடுக்கும் மாலைக் கதிரவன் காட்சியைக் குறைத்துக்கொண்டாலே அதற்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடும்.