அரைப்பேரா, முழுப்பேரா? எழிலும் பைதனும் தோட்டத்து வாசிகசாலையில்

முதலில் இந்த நிரலைப் பாருங்கள்.

நிறை = 17
@( நிறை >= 18 ) ஆனால்
    பதிப்பி "முழுப்பேர்"
இல்லை
    பதிப்பி "அரைப்பேர்"
முடி

நான்காம் தரத்துப் பிள்ளை ஒருத்தி இதை உரக்க வாசித்தாள். "நிறை பதினெட்டோ அதுக்கு மேலயோ ஆனால் முழுப்பேர். இல்லை, அரைப்பேர். முடி." நான் எதையும் விளக்கவில்லை. மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வரி: அன்றைக்குப் பறிக்கவேண்டிய தேயிலைக் கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைநாள் சம்பளம்தான் விழும், அதுதான் அரைப்பேர். எத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். எங்கள் வகுப்பில் 18 என்று வைத்துக்கொண்டோம். அந்தப் பிள்ளைக்கு இதில் புதிதாக இருந்தது 'பதிப்பி' என்ற சொல் மட்டுமே.

ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில் ஒரு தோட்டத்து வாசிகசாலையில் ஞாயிறுதோறும் நடக்கும் வகுப்பு இது. நான்காம், ஐந்தாம் தரத்துப் பிள்ளைகள் பதினொரு பேர், பழைய மடிக்கணினி இரண்டு. மழை பிடித்துவிட்டால் தகரக் கூரைக்குக் கீழே தொண்டை கிழியக் கத்தித்தான் பாடம் சொல்லவேண்டும். படக்கட்டைகளை இழுத்துப் பொருத்தும் ஸ்கிராட்ச் இவர்களுக்குப் பின்னால் வரும். எழுத்தால் நிரல் எழுத ஒன்பது வயதில் முடியுமா என்று பார்க்க விரும்பினேன். அதற்காக எழில், பைதன் என்ற இரண்டு நிரல்மொழிகளைக் கையில் எடுத்தேன். மேலே இருப்பது எழில். இரண்டும் இலவசம்.

எழில் மொழியை உருவாக்கியவர் முத்து அண்ணாமலை. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2009இலேயே வந்துவிட்டது. உள்ளே ஓடுவது பைதன்தான். பெரும்பாலோர் நினைப்பதுபோல் இது ஆங்கிலச் சொற்களை மட்டும் தமிழாக்கிய வேலை இல்லை. பைதனில் 'இஃப்' முன்னால் வந்து நிற்கும். எழிலில் நிபந்தனை முன்னால் வரும், 'ஆனால்' பின்னால் வரும், நாம் பேசுகிற மாதிரியே. பிள்ளை வாசித்த வேகத்துக்குக் காரணம் இதுதான். இங்கே ஆங்கிலப் பாடம் முறையாகத் தொடங்குவதே மூன்றாம் தரத்தில். நான்காம் தரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்லும் புதிது, அது வந்து நிற்கும் இடமும் புதிது.

குறைகளும் உண்டு. அடைப்புக்குறிக்கு முன்னால் அந்த @ எதற்கு என்று எந்தப் பிள்ளைக்கும் என்னால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதற்கு அவர்கள் 'நத்தை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "நத்தை போட மறந்துட்டேன் சேர்" என்பதுதான் முதல் மாதம் முழுக்க நான் கேட்ட புகார். 'ஆனால்' இன்னொரு சிக்கல். "வந்தான் ஆனா சாப்பிடலன்னு சொல்றமே, அந்த ஆனாலா சேர்?" என்று ஒருவன் கேட்டான். கேள்வி நியாயமானது. இவற்றையெல்லாம்விட மோசம் 'வரை'. @( கூடை < 18 ) வரை என்று எழுதினால், கூடை 18க்குக் குறைவாக இருக்கும்வரை திரும்பத் திரும்பச் செய் என்று எழில் எடுத்துக்கொள்ளும். பாதி வகுப்பு அதைப் '18க்குக் குறையும்வரை' என்று வாசித்து, நேர்மாறாகப் புரிந்துகொண்டது. என்னைக் கேட்டால் 'இருக்கும்வரை' என்றே வைத்திருக்கலாம்.

தட்டச்சு தனிக்கதை. எங்கள் பக்கத்தில் கணினியில் தமிழ் அடிப்பவர்களில் பலர் பாமினிக்குப் பழகியவர்கள். எழிலுக்கோ யுனிகோட் வேண்டும். பிள்ளைகளுக்கு எந்தப் பழக்கமும் இல்லை, அதனால் அவர்கள் தப்பித்தார்கள். கஷ்டப்பட்டது நான்.

ஆறாவது வாரம் பைதனுக்கு மாறினோம். பலர் கவனிக்காத ஒரு வசதி இதில் இருக்கிறது: பைதன் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'பிரிண்ட்' கட்டளையைச் 'சொல்' என்ற பெயரில் ஒருமுறை சேமித்துவிட்டால், பிறகு சொல்(நிறை) என்று எழுதினால் போதும், ஓடும். 'இஃப்', 'ஃபார்' போன்ற மொழியின் சொந்தச் சொற்களை மட்டும் மாற்றமுடியாது. பிழைச் செய்தியும் ஆங்கிலத்தில்தான் சிவப்பாக வந்து விழும். பிள்ளைகள் அதை வாசிப்பதில்லை, வரி எண்ணை மட்டும் பார்த்துத் திருத்துகிறார்கள். பெரியவர்களும் அப்படித்தானே?

தரவுப் பாடத்துக்கு வேறெங்கும் தேடவில்லை. ஒரு கிழமையின் கொழுந்து நிறையையே பட்டியலாக்கினோம்: 17, 21, 19, 14, 23, 18. கூட்டினால் 112. பதினெட்டுக்குக் குறைந்தவை இரண்டு நாள். சராசரி கேட்டபோது பைதன் 18.666666666666668 என்றது. "ஆறு ஆறா வந்து கடைசியில எட்டு எப்படி சேர்?" கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக, குறிப்பிட்ட இடத்துக்குள் அடைத்து வைக்கிறது, அதில் ஓரத்தில் கொஞ்சம் பிசகும் என்றேன். ஒரு தசமத்துக்கு மட்டம் தட்டக் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு ஒருத்தி கொப்பியில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டு வந்தாள். ஒன்று கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு காட்டிய நிறை, மற்றது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தபின் துண்டில் எழுதிய நிறை. நான் கேட்கவேயில்லை. இரண்டையும் பட்டியலாக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மழைநாளையும் வெயில்நாளையும் பிரித்துப் போட்டாள். திரையில் வித்தியாசங்கள் வரிசையாக வந்து நின்றன. "இத அம்மாட்ட காட்டலாமா சேர்?" என்றாள். அன்று கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டு போனாள், அச்சிட எங்களிடம் இயந்திரம் இல்லை.

பைதனின் தமிழ் ஒரு இடத்தில் காலை வாரும். 'கொழுந்து' என்ற சொல்லின் நீளம் கேட்டால் 8 என்கிறது. பிள்ளைகளுக்கு அது கொ, ழு, ந், து என்று நாலெழுத்து. உயிர்க்குறிகளும் புள்ளியும் யுனிகோடில் தனித்தனியாக எண்ணப்படுவதால் வரும் வினை. 'கொ'வின் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம். பார்வைக்கு ஒன்றே. மாறியின் பெயரில் வந்தால் பைதன் சமாளித்துவிடும். மேற்கோள் குறிக்குள் தரவாக வந்தால் இரண்டையும் வேறு வேறு சொல் என்று சாதிக்கும். இரண்டு பிள்ளைகள் இரண்டு கருவியில் அடித்த பட்டியலைச் சேர்த்தபோது ஒரு பெயர் காணாமல்போய், ஒரு மணிநேரம் தேடினோம். எழுத்தைச் சரியாக எண்ண ஓப்பன்-தமிழ் என்ற நிரல்தொகுப்பு இருக்கிறது. ஒன்பது வயதுக்கு அதைக் காட்டவேண்டிய அவசியமில்லை, சொல்லிக்கொடுப்பவர் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

என் தீர்ப்பு இது. முதல் ஐந்தாறு வாரம் எழில், அதில் 'ஆனால்', 'இல்லை' இரண்டும் கைவந்தால் போதும், 'வரை'யைத் தொடவேண்டாம். பட்டியலும் கணக்கும் தொடங்கும்போது தமிழ்ப் பெயர்களோடு பைதன். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் இவர்கள் மீண்டும் சந்திக்கப்போவதும் பைதனைத்தான். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம், எங்கள் மேட்டு லயத்துக்கு அதுதான் பெரிய காரியம். விலை உயர்ந்த 'கோடிங்' பெட்டிகள் இந்த வயதுக்குத் தேவையில்லை.

வீட்டில் சும்மா கிடக்கும் மடிக்கணினி இருந்தால் அருகிலிருக்கும் தோட்டத்து வாசிகசாலைக்குக் கொடுங்கள். பழையது என்று கூச்சப்படவேண்டாம். ஷிஃப்ட் கட்டையும் 2ஆம் இலக்கக் கட்டையும் வேலை செய்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிடுங்கள், நத்தை போட வேண்டும்.