ஓடும் வரையறை எங்கே நிற்கணும்?

நிரலாக்க மொழிக்கு வரையறை எழுதுவது ஒரு வேலை. அந்த வரையறையையே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிற மாதிரி எழுதுவது வேறு வேலை. சி மொழிக்கு இந்த ரெண்டாவது வேலையைச் செய்தவர்கள் சக்கி எலிசனும் கிரிகோரே ரோஷுவும். அவர்களுடைய 2012 பேப்பரையும், கிறிஸ் ஹாத்தார்னோடு சேர்ந்து எழுதிய 2015 பேப்பரையும் அடுத்தடுத்து படித்தேன். முதல் பேப்பர் முன்னால் வைக்கும் எண்ணை விட, ரெண்டாவது பேப்பரின் யோசனைதான் பெரிசுனு எனக்குப் படுகிறது.

சி-யின் அதிகாரபூர்வ வரையறை ஐஎஸ்ஓ வெளியிடும் ஆங்கில உரைநடை. பத்திரம் படிக்கிற மாதிரி வரிவரியாகப் படிக்கணும். இவர்கள் அதை 'கே' என்ற கட்டமைப்பில் விதிகளாக எழுதினார்கள். இனி ஓட வேண்டிய வரிகள், மாறிகள், நினைவகம் எல்லாம் தனித்தனி அறைகளில் இருக்கும். 'அறைகள் இப்படி இருந்தால் இப்படி மாற்று' என்பது ஒரு விதி. விதிகளை எழுதிவிட்டால் அதிலிருந்தே இன்டர்பிரட்டர் கிடைத்துவிடும். அதை வைத்து ஜிசிசி-யின் 'டார்ச்சர்' டெஸ்ட் தொகுப்பில் 776 நிரல்களை ஓட்டினார்கள். 99.2% தேறியது.

நல்ல மார்க்தான். ஆனால் எந்தத் தேர்வில்? அந்தத் தொகுப்பு கம்பைலர்களைச் சோதிக்க உருவானது. நல்ல கம்பைலர் எதுவும் அதில் ஏறக்குறைய இதே மார்க் வாங்கும். சரியான நிரலுக்குச் சரியான விடை தருவதற்கு நம்மிடம் ஏற்கெனவே கம்பைலர் இருக்கிறது. வரையறையிடம் நாம் கேட்க வேண்டியது வேறு: தப்பான நிரலைக் கொடுத்தால் நீ என்ன செய்வாய்?

ஒரு சின்ன உதாரணம். (எக்ஸ் = 1) + (எக்ஸ் = 2). விடை 3 தானே என்று தோன்றும். ரெண்டு மதிப்பையும் முதலில் எழுதிவிட்டு, பிறகு எக்ஸை ரெண்டு தடவை படித்துக் கூட்டும் கம்பைலர் 4 என்று சொல்லலாம். ரெண்டையும் தப்புனு சொல்ல முடியாது. ஒரே மாறியை வரிசை குறிப்பிடாமல் ரெண்டு முறை மாற்றினால், அந்த நிரலுக்கு அர்த்தமே கிடையாது என்பதுதான் சி-யின் விதி. இதைத்தான் 'அன்டிஃபைன்ட் பிஹேவியர்' என்கிறோம். ஓடும் வரையறை இங்கே 3 என்று சொல்லிவிட்டால், அதுவும் இன்னொரு கம்பைலர், அவ்வளவுதான்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2009-ல் லினக்ஸ் கெர்னலின் டன் டிரைவரில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. ஒரு பாயின்டர் வழியாக முதலில் ஒரு மதிப்பை எடுக்கிறார்கள். அது நல்-ஆ என்ற சோதனை அதற்கு அடுத்துதான் வருகிறது. நல் பாயின்டர் வழியாகப் படிப்பது அர்த்தமில்லாத செயல். ஆக, இதுவரை வந்துவிட்டதால் அது நல்லாக இருக்காது என்று முடிவு கட்டி, ஜிசிசி அந்தச் சோதனையையே தூக்கிவிட்டது. பாதுகாப்புச் சோதனை சோர்ஸில் இருந்தது, பைனரியில் இல்லை.

2015 பேப்பர் இந்த இடத்தில்தான் நேராகக் கை வைக்கிறது. சரியான நிரலுக்கு அர்த்தம் சொன்னால் மட்டும் போதாது, அர்த்தமில்லாத நிரலை மறுக்கவும் வேண்டும் என்பது அதன் வாதம். 'எதிர்மறை' வரையறை என்றே அதை அழைக்கிறார்கள். எப்படி மறுக்கிறது? ஒரு வழி ரொம்ப எளிமையானது: எந்தெந்த நினைவக இடங்களில் எழுதினோம் என்று ஒரு அறையில் குறித்துக்கொண்டே போவது. சீக்வன்ஸ் பாயின்ட் வந்தால் அறையைக் காலி செய். அதற்கு முன்னால் அதே இடத்தைத் தொட்டால், அடுத்த விதி எதுவும் பொருந்தாது. ஓட்டம் நின்றுவிடும். அந்த நிற்றல்தான் பதில்.

குறைகளும் உண்டு. ஓடின பாதையில் இருக்கும் தப்பு மட்டும்தான் மாட்டும். டன் டிரைவரின் அந்த நாலு வரியைத் தனியாக எடுத்து ஓட்டினாலும், யாராவது நல் கொடுத்தால்தான் நிற்கும். சில தப்பு ஒரு குறிப்பிட்ட கணிப்பு வரிசையில் மட்டுமே தெரியும். எல்லா வரிசையையும் தேடினால் கிளைகள் வெடித்துப் பெருகும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது அதிகாரம். இந்த விதிகளும் ஐஎஸ்ஓ உரையும் முரண்பட்டால், ஜெயிப்பது உரைதான். வெப்அசெம்பிளி இதை வேறு விதமாகச் செய்தது. அதன் முறைசார் விதிகள் ஆரம்பத்திலிருந்தே அதிகாரபூர்வ ஆவணத்தின் பகுதி. 2025-ல் அந்த ஆவணத்தை 'ஸ்பெக்டெக்' என்ற கருவி வழியாக எழுதவும் முடிவெடுத்தார்கள். அதில் ஒரே மூலத்திலிருந்து உரையும் வருகிறது, ஓட்டிப் பார்க்க இன்டர்பிரட்டரும் வருகிறது. புதிய, சின்ன மொழிக்கு இது சாத்தியம். பல பத்தாண்டு நிரல்களைச் சுமக்கும் சி-க்கு அவ்வளவு சுலபம் இல்லை.

அதனால் அடுத்து எந்த மொழிக்காவது ஓடும் வரையறை எழுதியிருக்கிறோம் என்று யாராவது சொன்னால், எத்தனை டெஸ்ட் தேறியது என்று கேட்பதோடு விட்டுவிடாதீங்க. எத்தனை நிரல்களை ஓட்ட மறுத்தது, ஒவ்வொன்றுக்கும் எந்த விதியைக் காரணமாகக் காட்டியது என்றும் கேளுங்க.