பத்து சதவீதம் யாருடைய பணம்?

2025 பிப்ரவரி 10 அன்று அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுக்கும் நிறுவனங்களைத் தண்டிக்க 1977இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், 180 நாட்களுக்குப் புதிய விசாரணை எதையும் தொடங்கக் கூடாது என்றது அந்த ஆணை. சட்டத்தை வரம்பு மீறிப் பயன்படுத்துவதால் உலகச் சந்தையில் அமெரிக்க நிறுவனங்கள் பின்தங்குகின்றன என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஜூனில் புதிய நெறிமுறைகளோடு விசாரணைகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், அந்த நியாயம் கைவிடப்படவில்லை. அதே அரசு அதே மாதங்களில், ஊழலும் வீண்செலவும் மலிந்துவிட்டன என்று சொல்லி யு.எஸ்.எய்ட் என்ற வெளிநாட்டு உதவி அமைப்பையே கலைத்தது. உதவி வழங்கும் அலுவலகத்தில் நடந்தால் ஊழல் மன்னிக்க முடியாத குற்றம். சரக்கு விற்கும் நிறுவனம் செய்தால் அது தொழில் நிர்ப்பந்தம். இப்படி இரண்டு அளவுகோல்கள் ஒரே மேசையில் வைக்கப்பட்டிருக்கின்றன.

'நாம் கொடுக்காவிட்டால் இன்னொருவன் கொடுப்பான்' என்ற பேச்சைக் கேட்காத கடைத்தெரு நம் ஊரிலும் இல்லை. மனிதாபிமான உதவியில் அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று சோதிக்க, இராக்கின் எண்ணெயை விற்ற பணத்தில் அந்நாட்டு மக்களுக்கு உணவும் மருந்தும் வாங்க ஐ.நா. நடத்திய 'எண்ணெய்க்கு உணவு' திட்டத்தை விடப் பொருத்தமான களம் கிடையாது.

அந்தத் திட்டத்தின் பயனை மறுப்பதற்கில்லை. பொருளாதாரத் தடையால் நொறுங்கிப்போயிருந்த ஒரு நாட்டுக்கு 1997 மார்ச்சில் முதல் உணவுச் சரக்கு போய்ச் சேர்ந்தது. 2003இல் திட்டம் முடியும்வரை, இராக்கியக் குடும்பங்களில் பெரும்பாலானவை அந்த ரேஷனைத்தான் நம்பியிருந்தன. ஐ.நா. கணக்குப்படி ஒருவருக்கான உணவின் கலோரி அளவு ஏறத்தாழ இரட்டிப்பானது. சரக்கை வணிக நிறுவனங்கள் வழியாக வாங்கியது வேகத்துக்கு உதவியது என்பதும் உண்மை. இவ்வளவு பெரிய கொள்முதலை எந்தத் தொண்டு நிறுவனமும் தனியாகச் செய்திருக்க முடியாது.

ஆனால் சரக்கை யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்யும் உரிமை சதாம் உசேன் அரசிடமே விடப்பட்டது. அந்தக் கதவு வழியாகத்தான் எல்லாம் நுழைந்தது. 1999 முதல் 'உள்நாட்டுப் போக்குவரத்துக் கட்டணம்' என்றும், அடுத்த ஆண்டிலிருந்து 'விற்பனைக்குப் பிந்தைய சேவைக் கட்டணம்' என்றும் பெயர் வைத்து, ஒப்பந்த மதிப்பில் சுமார் பத்து சதவீதத்தை இராக் அரசு விற்பனையாளர்களிடம் கேட்டது. பால் வோல்க்கர் தலைமையில் ஐ.நா. அமைத்த விசாரணைக் குழு 2005 அக்டோபரில் இறுதி அறிக்கையை வெளியிட்டது. சரக்கு விற்ற 3,614 நிறுவனங்களில் 2,253 நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் இந்தக் கள்ளப் பணம் கைமாறியிருந்தது. எண்ணெய் வாங்கியவர்கள் கொடுத்த தொகையையும் சேர்த்தால் மொத்தம் 180 கோடி டாலர்.

இந்தத் தொகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அநேகமாக ஒரு கேள்வியைத் தவறவிடுகிறார்கள்: இது யாருடைய பணம்?

லஞ்சம் என்றதும் நிறுவனம் தன் லாபத்திலிருந்து ஒரு பங்கை வேண்டா வெறுப்பாக எடுத்துக் கொடுப்பதாகவே நாம் கற்பனை செய்கிறோம். அங்கே நடந்தது அதுவல்ல. நூறு டாலர் சரக்கு ஒப்பந்தத்தில் நூற்றுப்பத்து என்று எழுதப்பட்டது. இராக்கின் எண்ணெய் விற்ற பணம் ஐ.நா. மேற்பார்வையில் பி.என்.பி. வங்கியின் நியூயார்க் கிளைக் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கிலிருந்து நூற்றுப்பத்தும் நிறுவனத்துக்குப் போனது. அதில் பத்தை நிறுவனம் இராக் அரசின் கைக்குத் திருப்பிவிட்டது. குழந்தைக்குப் பாலும் நோயாளிக்கு மருந்தும் வாங்க ஒதுக்கிய பணம்தான் லஞ்சமாகப் போனது. நிறுவனத்துக்கு ஒரு காசும் நட்டமில்லை, ஒப்பந்தமும் கிடைத்தது. மிரட்டலுக்குப் பணிந்த அப்பாவி என்று அதைச் சொல்வது நடந்ததைத் திரித்துக் கூறுவதாகும். பசித்தவர்களின் பணத்தைக் கடத்தும் வாய்க்காலாக அது இருந்தது.

ஆஸ்திரேலியக் கோதுமை நிறுவனமான ஏ.டபிள்யூ.பி. இதற்குச் சரியான சான்று. அலியா என்ற ஜோர்டான் நிறுவனத்துக்கு 'லாரி வாடகை' என்று அது சுமார் 29 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலுத்தியது. அந்தக் கோதுமையை அலியா ஏற்றிச் செல்லவே இல்லை. அதன் பங்குகளில் ஒரு பகுதி இராக் போக்குவரத்து அமைச்சகத்துடையது. இவ்வளவும் ஆஸ்திரேலிய அரசு அமைத்த கோல் விசாரணை ஆணையத்தின் 2006 அறிக்கையில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் 2009இல் காவல்துறை குற்றவியல் விசாரணையைக் கைவிட்டது. பிறகு உரிமையியல் வழக்கில் நிர்வாக இயக்குநராக இருந்தவருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம், தலைவராக இருந்தவருக்கு ஐம்பதாயிரம். சிறைக்குப் போனவர் எவருமில்லை.

'எல்லாரும் கொடுத்தார்கள்' என்ற வாதமும் கணக்கில் நிற்காது. 3,614இல் 2,253 போக மீதி 1,361. அவற்றில் சில, பத்து சதவீத முறை வருவதற்கு முன்பே விற்றுவிட்டுப் போனவையாக இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், கொடுத்தவர்களின் பட்டியலில் சேராமல் இராக்கோடு வணிகம் செய்த நிறுவனங்கள் ஆயிரத்துக்கும் மேல் என்பது மாறாது. ஐ.நா.வின் பாதுகாப்பு மன்றக் குழு ஆயுதத்துக்குப் பயன்படக்கூடும் என்ற ஐயத்தில் எத்தனையோ ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தது. விலை ஏற்றப்பட்டிருக்கிறது என்ற காரணத்துக்காக ஒன்றைக்கூட நிறுத்தவில்லை. தடுக்க வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் கொடுத்தவர்களின் குற்றம் குறைந்துவிடாது.

அந்த ஊர் வழக்கம் அப்படி என்பது இன்னொரு சமாதானம். இதன் வயதை அறிய கொல்கத்தாவின் அலிப்பூருக்குப் போக வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் வங்காளத்தை ஆண்ட வாரன் ஹேஸ்டிங்ஸ் வாழ்ந்த மாளிகை அங்கே ஜட்ஜஸ் கோர்ட் சாலையில் இன்றும் அவர் பெயரிலேயே நிற்கிறது. இப்போது அது பெண்களுக்கான கல்வியியல் கல்லூரி. வங்காளத்தை 1770இன் பெரும் பஞ்சம் தின்று தீர்த்து இரண்டே ஆண்டுகளில், முர்ஷிதாபாத்தில் நவாப் குடும்பத்து முன்னி பேகத்திடமிருந்து ஹேஸ்டிங்ஸ் ஒன்றரை லட்ச ரூபாய் பெற்றார். நவாபின் விருந்தாளிக்கு நாள்படி தருவது அந்த நாட்டு வழக்கம் என்று அதற்கு விளக்கம் தரப்பட்டது. அவர் மீது 1775இல் லஞ்சப் புகார் சொன்ன நந்தகுமார் அதே ஆண்டு ஆகஸ்டில் போலி ஆவண வழக்கொன்றில் தூக்கிலிடப்பட்டார். இடத்துக்கு இடம் அறம் மாறாது என்று எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வாதாடியும், 1795இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். கம்பெனி அவருக்கு ஆண்டுக்கு 4,000 பவுண்டு ஓய்வூதியமும் வழங்கியது.

நாமும் அந்தத் தீர்ப்பின் வழியிலேயே நடந்திருக்கிறோம். வோல்க்கர் அறிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட இந்திய நிறுவனங்களின் பெயர்கள் இருந்தன. நாடு பேசியது ஒரே ஒரு பெயரை: அன்றைய வெளியுறவு அமைச்சர் நட்வர் சிங். அவர் வெளியுறவுத் துறையை இழந்தார். 2005 டிசம்பரில் அமைச்சரவையிலிருந்தே விலகினார். நீதிபதி ஆர்.எஸ். பாதக்கின் விசாரணை எம்/9/54, எம்/10/57 என்ற இரண்டு எண்ணெய் ஒப்பந்தங்களைச் சுற்றியே நடந்தது. ஒப்பந்தம் கிடைக்க அவர் தன் செல்வாக்கைப் பயன்படுத்தினார், ஆனால் பணம் பெற்றதற்குச் சான்றில்லை என்று 2006 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. நாடாளுமன்றம் அமளிப்பட்டது, பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. சரக்கு விற்ற நிறுவனங்களோ அந்த இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டன.

அவற்றைப் பிடிக்கச் சட்டமும் இல்லை. வெளிநாட்டு அரசு அலுவலருக்கு லஞ்சம் கொடுப்பது இந்தியச் சட்டத்தில் அன்று தனிக் குற்றமாக இல்லை, இன்றும் இல்லை. அன்னியச் செலாவணிச் சட்டத்தை மீறினார்களா என்று மட்டுமே அமலாக்கத் துறையால் கேட்க முடிந்தது. 2011 மார்ச்சில் இதற்கென ஒரு மசோதா மக்களவைக்கு வந்தது. ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையை இந்தியா ஏற்பிசைவு செய்ததும் அதே ஆண்டு மே மாதத்தில்தான். அந்த மசோதா 2014இல் மக்களவையோடு சேர்ந்து காலாவதியானது. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, லஞ்சம் கொடுக்கும் வணிக அமைப்பும் தண்டனைக்குரியது என்றானபோதும், அது இந்திய அரசு ஊழியர்களோடு நின்றுவிட்டது. எல்லைக்கு அப்பால் கொடுத்தால் கேள்வி இல்லை.

உள்ளூரில் நம் கோபம் எங்கே திரும்புகிறது என்பதையும் பார்க்கலாம். 2020 மே 20 அன்று அம்பன் புயல் தாக்கியபோது மிக மோசமாக அடிவாங்கிய மாவட்டங்களில் ஒன்று மேற்கு வங்கத்தின் தெற்கு 24 பர்கனா. அதன் தலைமையகமும் அலிப்பூர்தான். வீடிழந்தவர்களுக்கான 20,000 ரூபாய், வீடு இழக்காத ஆளுங்கட்சிக்காரர்களின் கணக்கில் ஏறியதாகப் புகார்கள் குவிந்தன. தணிக்கை செய்யும்படி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்குக் கொல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரில் உத்தரவிட்டது. சரியான உத்தரவு. தார்ப்பாய் திருடியவர் என்ற வசை தேர்தல் மேடை வரை ஏறியது. பஞ்சாயத்து உறுப்பினரைத் தெருவில் நிறுத்திக் கேட்கும் துணிவு நமக்கு இருக்கிறது. பசித்தவர்களின் கணக்கிலிருந்து பத்து சதவீதத்தை அயல்நாட்டு அதிகாரிக்குக் கடத்திவிட்ட ஏற்றுமதி நிறுவனத்தைக் கேட்க ஒரு சட்டப் பிரிவுகூட இல்லை.

கடுமையான சட்டம் வந்தால் நிறுவனங்கள் உதவிப் பணிகளிலிருந்து விலகிவிடும் என்று சொல்வோர் உண்டு. பிரிட்டன் 2010இல், லஞ்சத்தைத் தடுக்கத் தவறிய நிறுவனத்தையும் தண்டிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இராக் திட்டத்தில் பணம் கொடுத்த வெயர் குழுமத்திடமிருந்து அதே ஆண்டு அபராதமாகவும் பறிமுதலாகவும் சுமார் 1.7 கோடி பவுண்டு வாங்கப்பட்டது. அதே திட்டத்தில் லஞ்சம் கொடுத்த, பாலம் கட்டும் மேபி அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் இயக்குநர்கள் அடுத்த ஆண்டு சிறைக்குப் போனார்கள். பிரிட்டிஷ் நிறுவனங்கள் அதன் பிறகும் உதவிப் பொருட்களை விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன.

இன்று ஐ.நா. அமைப்புகளுக்குச் சரக்கு வழங்கும் முன்னணி நாடுகளில் இந்தியாவும் ஒன்று. உலகத்தின் ஏழைக் குழந்தைகளுக்கு யுனிசெஃப் போடும் தடுப்பூசிகளில் பெரும்பங்கு நம் ஆலைகளிலிருந்து போகிறது. அந்த ஒப்பந்தங்களில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்கும் அதிகாரம் இந்திய நீதிமன்றத்துக்கு வேண்டும். 2011 மசோதாவைத் தூசி தட்டி எடுத்து, நிறுவனத்தோடு அதன் இயக்குநர்களையும் பொறுப்பாக்கும் பிரிவைச் சேர்த்து, இந்த மக்களவையின் காலத்துக்குள்ளேயே நிறைவேற்ற வேண்டும்.