வேகம் குறைந்ததால் ஜெயித்த பாட்டு: 'டேக் மீ அவுட்'

ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் குழுவின் 'டேக் மீ அவுட்' பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ரெண்டு பாட்டைச் சேர்த்து ஒட்டினதுதானே அது?" சிலர் பாராட்டாகச் சொல்கிறார்கள், சிலர் குறையாக. எனக்கு ரெண்டிலும் உடன்பாடில்லை. ஒட்டு என்று எந்த இடத்தைக் காட்டுகிறார்களோ, அந்தப் பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

பாட்டைக் கேட்காதவர்களுக்காகச் சுருக்கமாக ஒரு முன்கதை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நாலு பேர். பாடகர் அலெக்ஸ் கப்ரானோஸ், கிட்டாரும் கீபோர்டும் வாசித்த நிக் மெக்கார்த்தி, பேஸ் கிட்டார் பாப் ஹார்டி, டிரம்ஸ் பால் தாம்சன். ஹார்டி ஓவியம் படித்தவர், இந்தக் குழுவுக்காகத்தான் பேஸ் வாசிக்கவே கற்றுக்கொண்டார். கப்ரானோஸுக்கு அப்போது வயது 31. ராக் உலகத்தில் அந்த வயதில் யாரும் புதுமுகமாக வருவதில்லை, வேறு வேலை தேடிக்கொள்வார்கள். இவர்களை எடுத்தது டாமினோ என்ற சின்ன இசை நிறுவனம். இண்டி என்ற சொல்லுக்கு ஆரம்பத்தில் இருந்த பொருளே இதுதான், பெரிய கம்பெனிகளைச் சாராதது என்று. 2003 செப்டம்பரில் வந்த முதல் சிங்கிள் 'டார்ட்ஸ் ஆஃப் பிளெஷர்' பிரிட்டன் பட்டியலில் 44ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அடுத்து, 2004 ஜனவரியில் 'டேக் மீ அவுட்' வந்தது. நேராக 3ஆம் இடம். அடுத்த மாதம் ஆல்பம், அதே வருஷம் மெர்க்குரி பரிசு.

சரி, பாட்டுக்கு வருவோம்.

படபடவென்று கிட்டாரை அடித்துக்கொண்டு ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்து கிட்டார் குழுக்கள் பலவும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள், 2001இல் ஸ்ட்ரோக்ஸ் வந்ததிலிருந்து இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. நன்றாக இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே கேட்ட மாதிரியும் இருக்கிறது. ஒரு நிமிடம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், எல்லாரும் சேர்ந்து ஒரே அடியை அடித்தபடி வேகத்தைக் குறைக்கிறார்கள். பாட்டு முடியப் போகிறது என்றே முதல்முறை கேட்பவருக்குத் தோன்றும். முடியவில்லை. அந்த மெதுவான வேகத்திலேயே ஒரு புது கிட்டார் வரி உள்ளே வருகிறது, மிச்சம் மூன்று நிமிடம் பாட்டு அதன் மேல்தான் நடக்கிறது.

ஆடாசிட்டியில் போட்டு பீட்டுகளைக் குறித்துப் பார்த்தேன் (சனிக்கிழமை மதியத்தை இப்படியும் கழிக்கலாம்). முதல் பகுதி நிமிடத்துக்குச் சுமார் 145 அடி. இரண்டாம் பகுதி சுமார் 105. அதாவது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருந்த 0.41 வினாடி, 0.57 வினாடியாக நீள்கிறது. பாதி வேகமாக ஆக்கியிருந்தால் காது சுலபமாக ஏற்றுக்கொள்ளும். நம்ம ஊர்க் கச்சேரியிலும் ஒரு காலம், இரண்டாம் காலம் என்று இரட்டிப்பாகத்தான் போவார்கள், அடித்தளமான காலப்பிரமாணம் நகராது. இங்கே அடித்தளமே நகர்கிறது, அதுவும் எந்த எளிய விகிதத்துக்கும் அடங்காமல். இன்னொன்று, அது படிக்கட்டு மாதிரிச் சட்டென்று இறங்கவில்லை, சரிவில் இறங்குகிறது. வண்டி பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் சாயுமே, அந்த உணர்வு அதனால்தான் வருகிறது. இரண்டு டேப்பை வெட்டி ஒட்டியிருந்தால் இந்தச் சாய்வு கிடைக்காது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டு கூட்டாக இறங்குகிற மாதிரிதான் கேட்கிறது.

இது எப்படி வந்தது என்று கப்ரானோஸ் பேட்டியில் சொன்ன கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில் வேகமான பகுதியும் நிதானமான பகுதியும் வழக்கமான பாட்டு மாதிரி மாறி மாறித்தான் வந்தனவாம். சிக்கல் என்னவென்றால், ஒன்றுக்கு ஒத்துவந்த வேகம் இன்னொன்றுக்கு ஒத்துவரவில்லை. வேகமாக வாசித்தால் இது கெடுகிறது, மெதுவாக வாசித்தால் அது கெடுகிறது. இந்த மாதிரி நேரத்தில் எங்கள் தொழிலில் பெரும்பாலும் நடுவில் ஒரு எண்ணைப் பிடித்து இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தப் பார்ப்போம். 125 என்று வைத்துக்கொண்டு ரெண்டையும் அரைகுறையாக்கியிருப்போம். அவர்கள் அதைச் செய்யவில்லை. வேகமானதையெல்லாம் மொத்தமாக முன்னால் தள்ளினார்கள், நிதானமானதையெல்லாம் பின்னால் வைத்தார்கள், நடுவில் ஒரே ஒரு தடவை இறங்கினார்கள். திரும்ப ஏறவே இல்லை. ரெக்கார்டிங் மென்பொருளைத் திறந்தவுடன் 120 என்று ஒரு டெம்போ தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். அதைத் தொடாமலே பாட்டு போடுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மெதுவானதும் பாட்டு ஏன் தொய்யவில்லை? 145இல் கிட்டார் இடைவெளியே இல்லாமல் நிரப்பிக்கொண்டு இருந்தது. 105இல் ஒவ்வொரு அடிக்கும் டிரம் காலை ஊன்றுகிறது, கிட்டார் வரிக்கு நடுவே மூச்சுவிட இடம் இருக்கிறது. மனிதர்கள் சாதாரணமாக நடக்கும்போது நிமிடத்துக்கு 100லிருந்து 120 அடி வைக்கிறோம். முதல் பகுதி தலையை ஆட்ட வைக்கிறது, இரண்டாம் பகுதி காலைத் தட்ட வைக்கிறது. இதை 'டிஸ்கோ ராக்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள், இது சராசரி டிஸ்கோவைவிட மெதுவானது என்பதைக் கவனிப்பதில்லை. பெண்கள் நடனமாடுவதற்கான இசை என்றுதான் குழுவே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. கிளாஸ்கோவுக்கு அது புதிதும் இல்லை. 1980 வாக்கிலேயே போஸ்ட்கார்ட் நிறுவனத்தின் ஆரஞ்சு ஜூஸ் குழு கரகர கிட்டாரையும் நடனத் தாளத்தையும் கலந்து பார்த்துவிட்டது. 'டேக் மீ அவுட்'டைப் பதிவு செய்ததோ ஸ்வீடனின் மால்மோவில், கார்டிகன்ஸ் குழுவோடு வேலை செய்த தோரே யோஹான்சன் தயாரிப்பில். பாப் பாட்டின் பளபளப்பு தெரிந்த கை அது, டிரம்ஸ் சத்தத்திலேயே தெரியும்.

ஆனால் எனக்கு முக்கியமானது சொற்கள். தலைப்புக்கே ரெண்டு அர்த்தம். ஒன்று, என்னை வெளியே கூட்டிட்டுப் போ. இன்னொன்று, என்னைப் போட்டுத் தள்ளு. பாட்டில் இருக்கும் ரெண்டு பேரும் ஸ்னைப்பர்கள் மாதிரி ஒருவர் மேல் ஒருவர் குறி வைத்திருக்கிறார்கள். ஒருத்தரை ஒருத்தர் பிடித்திருக்கிறது, யார் முதலில் சொல்வது என்பதுதான் பிரச்சினை. முதலில் சுடுபவர் தன் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவார் இல்லையா? அதனால் யாரும் சுடுவதில்லை. இந்த இழுபறி தாங்காமல், நீயே சுட்டுத் தொலை என்று கேட்கிறான். உன்னோடு இங்கிருந்து கிளம்பப் போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது அந்த இறக்கத்தைத் திரும்பக் கேளுங்க. குறி பார்ப்பவர் விசையை இழுப்பதற்கு முன் மூச்சை அடக்குவார். பாட்டு செய்வது அதைத்தான். முதல் நிமிடத்தில் படபடப்பு, அப்புறம் மூச்சு மெதுவாகிறது, அப்புறம் குண்டு வெடிக்காமலே மூன்று நிமிடம். வேகம் திரும்ப ஏறாததன் நியாயமும் இதுதான் என்று படுகிறது. ஏறியிருந்தால் யாரோ சுட்டுவிட்டதாக ஆகியிருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாம் பகுதியில் புதிதாகச் சொல்ல அதிகம் ஒன்றும் கிடையாது, சொன்னதையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கடைசி நிமிடத்தில் எனக்கே கவனம் லேசாகச் சிதறும். பிறகு வந்த பாட்டுகளிலும் இவ்வளவு பெரிய துணிச்சலை அவர்கள் எடுத்ததாகத் தெரியவில்லை. 2005இல் வந்த 'டூ யூ வான்ட் டூ' 4ஆம் இடம் வரை போனது. ஜாலியான பாட்டு, அவ்வளவுதான்.

இன்றைக்கு இப்படி ஒரு பாட்டு ஹிட் ஆகுமா என்பது நியாயமான சந்தேகம். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்று பாட்டின் சிறந்த துண்டை முன்னால் கொண்டுவந்து வைக்கிறார்கள். 'டேக் மீ அவுட்'டின் 30ஆவது வினாடியில் நிறுத்தினால், எல்லாருக்கும் மனப்பாடமான அந்த கிட்டார் வரி வரவே வராது. 2004இன் ரேடியோக்காரர்களும் பொறுமைசாலிகள் இல்லை, ஆனாலும் போட்டார்கள். மறு வருஷம் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டின் முதல் பதிப்பிலும் இந்தப் பாட்டு இருந்தது, வேறொருவர் பாடிய வடிவத்தில். திரையில் வண்ணப் பொத்தான்கள் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும்போது தாளம் காலுக்கடியில் இருந்து நழுவுவதைக் கையால் உணர வேண்டுமென்றால் அதை ஆடிப் பார்க்கலாம்.

போகிற போக்கில் இன்னொன்று. இந்த சிங்கிளின் சிடியில் கூடவே வந்த பாட்டு 'ஆல் ஃபார் யூ, சோஃபியா'. குழுவின் பெயருக்கு உரிய ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் சுட்டுக் கொன்ற கதை அது. முதல் பாட்டில் யாருமே சுடவில்லை, இதில் சுட்டுவிடுகிறார்கள். ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்க.