வண்டிப் பந்தயமா? திருப்பத்தில் போய் நில்லுங்கள்

தை பிறந்தால் திருவண்ணாமலை வட்டாரத்தில் எருது விடும் விழாதான். ஒற்றைக் காளை தெருவில் பாயும். விநாடிக் கணக்கில் ஆட்டம் முடிந்துவிடும். அதே கண்ணோடு சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் பார்க்கப் போனால் சப்பென்று இருக்கும். அங்கே பெரிய மாட்டுக்குப் போக வர 8 மைல்கூட வைப்பார்கள். கடைசி மைலுக்கு மூச்சை மிச்சம் வைத்திருப்பது யார் என்பதில்தான் சுவாரஸ்யம்.

மாட்டைப் பாருங்கள்

இதற்கான பாடம் நம் ஊரிலேயே இருக்கிறது. தீபத் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் ஒரு காலைப்பொழுது நில்லுங்கள். வாங்க வந்தவர் பல்லைப் பிடித்து வயது பார்ப்பார். நடக்கவிட்டுக் குளம்பு விழும் அழகைப் பார்ப்பார். பந்தயத்திலும் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்துத்தான் ஓடவிடுவார்கள். வலத்தை மாடும் இடத்தை மாடும் ஒரே எட்டு வைக்கின்றனவா என்று கவனியுங்கள். நுகத்தடி கோணி ஒரு முனை முன்னே போனால், ஒரு மாடு இழுக்கிறது, மற்றது சும்மா கூட வருகிறது.

சாரதியைப் பாருங்கள்

வண்டி என்றால் இரண்டு சக்கரமும் ஒல்லியான சட்டமும்தான். சாரதி கயிற்றைப் பிடிக்க, துணைச் சாரதி குதித்து இறங்கி, மாட்டோடு ஓடி அதட்டிவிட்டு மறுபடி தொற்றிக்கொள்வார். எந்த இடத்தில் இறங்கிப் பாரம் குறைக்கிறார் என்பதில் அவர் அனுபவம் தெரியும்.

எல்லையில் திரும்பும்போது உள்பக்க மாடு எட்டைக் குறுக்க வேண்டும், வெளிப்பக்க மாடு வீசிப் போட வேண்டும். முன்கூட்டியே கயிற்றை இழுத்து வேகம் தணித்தவர் ஒட்டித் திரும்பிவிடுவார். கண்மண் தெரியாமல் வந்தவர் அகல வளைத்து, முந்தியதை அங்கேயே தொலைப்பார்.

குரலைக் கேளுங்கள்

அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிடராட் நாய்ச் சறுக்குவண்டிப் பந்தயம் ஏறத்தாழ 1,000 மைல். ஓட்டுபவர் கையில் கடிவாளமே கிடையாது. வலம், இடம் எல்லாம் குரல்தான். வழியில் 24 மணி நேர ஓய்வும் கட்டாயம். நம் சாரதி குரலில் ஓட்டுகிறாரா, தார்க்குச்சியில் ஓட்டுகிறாரா என்று பாருங்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்துக்கும் தடை போட்டது, மாடு படும் வதையைக் காரணம் காட்டித்தான். 2023இல் இவற்றை மீண்டும் அனுமதித்த மாநிலங்களின் சட்டத் திருத்தங்களை ஏற்றபோதும், விதிகளைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது.

எங்கே நிற்பது?

திருப்பத்தின் வெளிவளைவில் நிற்காதீர்கள். பிடி தவறிய வண்டி அங்கேதான் பாயும். உள்பக்கம் மேடான இடமாகப் பாருங்கள். பைக்கில் கூடவே விரட்டும் கூட்டத்தில் சேராதீர்கள். ஹாரன் சத்தத்தில் சாரதியின் குரல் உங்களுக்கும் கேட்காது, மாட்டுக்கும் கேட்காது.