வரவேற்பறையை மேடையேற்றுதல்

ஐரோப்பிய நகரங்களில் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு சலோன் மாலை’, அதாவது வீட்டு வரவேற்பறையில் கூடி இசை கேட்ட அக்கால வழக்கத்தின் மறு ஆக்கம், என்று விளம்பரம் வந்தால், உள்ளே என்ன இருக்கும் என்று போகாமலே சொல்லிவிடலாம். மெழுகுவத்தி, வெல்வெட் நாற்காலி, பியானோவின் மேல் ரோஜாக் கொத்து, கையில் ஒரு கோப்பை வைன். இந்தக் காட்சிக்கு மூலம் தேடினால் பெரும்பாலும் சில ஓவியங்களில் போய் முட்டிக்கொள்கிறோம்.

அந்த ஓவியங்களோ நம்பத்தகுந்த சாட்சிகள் அல்ல. யோசெஃப் டான்ஹவுசர் 1840இல் வரைந்த படத்தில் பியானோக் கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்ட் வாசிக்கிறார். எழுத்தாளர் ஜார்ஜ் சாந்த், வயலின் கலைஞர் பாகனினி, இசையமைப்பாளர் ரொசீனி எல்லாரும் சொக்கிப்போய் நிற்கிறார்கள். அப்படி ஒரு மாலை நடக்கவே இல்லை. படத்தை வரையச் சொன்னவர் வியன்னாவில் பியானோ செய்து விற்ற கோன்ராட் கிராஃப். பாதி விளம்பரம் என்றே சொல்லலாம். இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் நண்பர் கூட்டத்தை மோரிட்ஸ் ஃபான் ஷ்விண்ட் வரைந்தது 1868இல். ஷூபர்ட் இறந்து நாற்பது வருடம் ஆகியிருந்தது. பியானோ இசையமைப்பாளர் ஷோபான் 1829இல் இளவரசர் ராட்ஸிவிவ் மாளிகையில் வாசித்ததை 1887இல் தீட்டிய ஹென்றிக் செமிராட்ஸ்கி, அந்த மாலை நடந்தபோது பிறக்கவே இல்லை. ஏக்கத்தில் வரைந்த படங்களைப் பார்த்து நாம் மேடை அலங்காரம் செய்துகொண்டிருக்கிறோம்.

உண்மையான சலோன் ஒரே அளவில் இருந்ததில்லை. பெர்லினில் லைப்சிகர் வீதி 3ஆம் எண் வீட்டில் இசையமைப்பாளர் ஃபேனி ஹென்ஸல் 1831இலிருந்து நடத்திய ஞாயிற்றுக்கிழமை இசையரங்குகளை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தைப் பார்த்த கூடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடுவார்கள். சேர்ந்திசைக் குழு ஒன்றை அவரே பழக்கி பாக், குளூக் ஆகியோரின் படைப்புகளைப் பாடவைத்தார். ஆனால் கட்டணம் வாங்கும் பொதுமேடை அவருக்கு ஏறக்குறைய மூடியே கிடந்தது. தம்பி ஃபெலிக்ஸ் மெண்டல்சன் ஐரோப்பா முழுக்கக் கச்சேரி செய்துகொண்டிருக்க, அக்காளுக்கு வீட்டுக்கூடமே மேடை. 1847 மே 14 அன்று அடுத்த ஞாயிறுக்கான ஒத்திகையின் நடுவில்தான் அவருக்குப் பக்கவாதம் வந்தது, அன்றே இறந்தார். சலோனை இனிய நெருக்கம் என்று மட்டும் விற்பவர்கள் பொதுமேடை மூடிக் கிடந்த இந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை. அந்த வீடும் இன்று இல்லை. அந்த மனையில் நிற்பது ஜெர்மன் நாடாளுமன்ற மேலவையின் கட்டடம்.

நிகழ்ச்சி நிரல்தான் இன்றைய மறு ஆக்கங்களில் மிகவும் தவறிப்போவது. ஒரே பியானோ, ஒரே கலைஞர், இரண்டு மணி நேரம் என்பது லிஸ்ட் 1840 வாக்கில் நிலைநிறுத்திய வடிவம், சலோனின் வழக்கமல்ல. 1848 பிப்ரவரி 16 அன்று பிளெயெல் கூடத்தில் ஷோபான் பாரிசில் கடைசியாக வாசித்தார். இருபது பிராங்க் சீட்டு, சுமார் முந்நூறு பேர். சலோனையே சற்றுப் பெரிதாக்கிய சபை அது. தொடங்கியது மொஸார்ட்டின் முவ்வாத்தியப் படைப்பு; இடையிடையே இரண்டு பாடகர்கள்; தன் செல்லோ சொனாட்டாவிலேயே முதல் பகுதியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வாசித்தார். இன்று ஒரு கலைஞர் அப்படிச் செய்தால் விமர்சகர்கள் சும்மா விடமாட்டார்கள்.

ஒரு படைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பியானோக்காரர் கைபோன போக்கில் சில சுரங்களை வாசித்து அடுத்த சுருதிக்கு வழிவிடும் பழக்கமும் இருந்தது. கீர்த்தனைக்கு முன் ராகத்தைக் கோடி காட்டுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்கச் சிரமமில்லை. பியானோக் கலைஞர் வில்ஹெல்ம் பாக்ஹவுஸின் நேரடிப் பதிவுகளில்கூட இது கேட்கிறது. அவரோடு பெரும்பாலும் வழக்கொழிந்தது.

வாத்தியத்தில் மட்டும் உருப்படியான வேலை நடந்திருக்கிறது. அக்காலப் பிளெயெல் பியானோவில் கம்பிகள் குறுக்கே ஏறாமல் நேராக ஓடும். அதனால் கீழ்ச்சுரங்கள் மேலே உள்ளதை மூடுவதில்லை. மேல், நடு, கீழ் ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல். நாதம் சின்னது, இரண்டாயிரம் பேர் அமரும் மண்டபத்தில் தொலைந்துபோகும், ஒரு கூடத்தை நிறைக்கும். இப்படிப்பட்ட பியானோக்களுக்காகவே வார்சாவின் ஷோபான் நிறுவனம் 2018இல் தனிப் போட்டி தொடங்கியது. 2023இல் இரண்டாவது நடந்தது. இடங்களும் சில மிஞ்சியிருக்கின்றன. லைப்சிக்கில் ஃபெலிக்ஸ் மெண்டல்சன் இறந்த வீட்டில், அவருடைய இசைக்கூடத்திலேயே, ஞாயிறு காலைக் கச்சேரி கேட்கலாம். எல்லாம் தம் இடத்திலேயே தங்கவில்லை. பாரிசில் பாடகி பொலின் வியார்தோ தன் வீட்டில் வைத்திருந்த, கவாயே-கோல் செய்த ஆர்கன், இப்போது மெலன் நகரத் தேவாலயத்தில் இருக்கிறது.

மெழுகுவத்தியே தேவைப்படாத மறு ஆக்கம் வேண்டுமென்றால் ரொசீனியின் ‘சிறிய புனிதத் திருப்பலி’யைச் சொல்வேன். 1864 மார்ச் 14 அன்று பாரிசில் பியே-வில் கோமாட்டியின் மாளிகையில் அரங்கேறியது. பன்னிரண்டு குரல், இரண்டு பியானோ, ஒரு ஹார்மோனியம்; அவ்வளவுதான். இன்று அறுபது எண்பது பேர் கொண்ட குழுக்கள் பாடும்போது அது வேறொரு படைப்பாகிவிடுகிறது. பன்னிரண்டு பேரோடு பாடினால், ஒவ்வொரு குரலும் மூச்சு வாங்குவது கேட்கும் தூரத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. வெளிச்சம் எதுவானாலும் சரி.

ஆனால் அன்று சலோனில் கேட்டவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பக்கத்து நாற்காலிக்காரரே அடுத்து எழுந்து பாடக்கூடும். சீட்டு விற்கும் சபையில் அது வராது. அதற்கு ஓரளவு நெருங்கி வருவது வீட்டுக் கச்சேரிதான். 2013இல் பாஸ்டனில் தொடங்கிய குரூப்மியூஸ் அமைப்பில் யாராவது தம் வீட்டு அறையைத் திறந்துவிடுகிறார்கள். அறிமுகமில்லாதவர்கள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்து நால்வர் குழுவைக் கேட்கிறார்கள். வெல்வெட்டும் கிடையாது, ரோஜாவும் கிடையாது. ஃபேனி ஹென்ஸலின் கூடத்துக்கு, என் கணக்கில், ஆடம்பர ‘சலோன் மாலை’களைவிட அதுவே பக்கத்து உறவு.