கஸ் ஃப்ரிங் வீழ்ந்தது ஏன்?

தீயவன் இறுதியில் மாய்வது கதையுலகில் புதுமையன்று. அவன் எதனால் மாய்கிறான் என்பதிலேதான் படைப்பாளியின் தரம் விளங்கும். 2008 முதல் 2013 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் கஸ் ஃப்ரிங் அடையும் முடிவை இந்நோக்கில் ஆராய்வோம். தொடரைப் படைத்தவர் வின்ஸ் கில்லிகன். கஸ்ஸாக நடித்தவர் ஜியான்கார்லோ எஸ்போசிட்டோ.

அல்புகர்க்கி நகரில் கோழிக்கறி உணவகங்கள் நடத்தும் கண்ணியவானாக உலவும் கஸ், மறைவில் பெரும் போதைப்பொருள் வணிகன். கோப்புகளோடு காலங்கழிக்கும் நம்மனோர் வியக்கும் ஒழுங்கு அவனுடையது. ஆயினும் அவனுள்ளே ஆறாத புண் ஒன்று உண்டு. அவனுடைய உயிர்த்தோழன் மாக்ஸை, அவன் கண்ணெதிரே ஹெக்டர் சலமாங்கா சுட்டுக் கொன்றிருந்தான்.

பின்னாளில் ஹெக்டர் பேச்சிழந்து, சக்கர நாற்காலியில் முடங்கி, விரலால் மணியடித்தே கருத்துணர்த்தும் நிலையை எய்துகிறான். கஸ் அவனைக் கொல்லவில்லை. முதியோர் இல்லத்திற்குச் சென்று, உறவினர் மாண்ட செய்திகளைக் கூறித் துன்புறுத்துகிறான். தன் முகத்தை ஏறிட்டு நோக்குமாறு பணிக்கிறான். ஹெக்டரோ நோக்க மறுக்கிறான்.

வால்டர் வொயிட்டின் சூழ்ச்சியே கஸ்ஸைக் கொன்றது என்பார் உளர். நாம் அதனை முழுதும் ஏற்பதற்கில்லை. வால்டர் முதலில் கஸ்ஸின் காரில் குண்டு வைத்தான். காரை நோக்கி நடந்த கஸ், ஏதோ ஐயுற்று நின்றான், திரும்பிச் சென்றான், பிழைத்தான். அத்தகைய மதிநுட்பம் அடுத்த முறை எங்கே போயிற்று?

ஹெக்டர் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளைச் சந்தித்தான் என்றறிந்ததும், அவனைக் கொல்லத் துணிகிறான் கஸ். அப்பணியை ஏவலாளே முடித்திருக்கலாம். கஸ் அதற்கு இணங்கவில்லை. தன் கையாலேயே நஞ்சூசி போட விழைந்து நேரில் செல்கிறான். இறுதியாக ஒருமுறை தன்னை நோக்கச் சொல்கிறான். ஹெக்டர் நோக்குகிறான்! பல்லாண்டு வேட்கை நிறைவேறிய அக்கணத்தில் ஹெக்டரின் விரல் மணியை அழுத்துகிறது; நாற்காலியில் வால்டர் பொருத்திய குண்டு வெடிக்கிறது. 2011-இல் வெளிவந்த நான்காம் பருவத்தின் இறுதிப் பகுதி இது.

எனவே, குண்டு வால்டருடையதாயினும், அதனருகே கஸ்ஸைக் கொண்டு நிறுத்தியது அவனது வஞ்சமே. தொழிலில் விழித்திருந்தவன் பகையில் உறங்கிவிட்டான். வதைப்பதற்கென்று உயிரோடு வைத்திருந்த பகைவனே அவனுக்குக் கூற்றுவனானான். இதனை விதி என்று கூறி ஒதுங்குதல் எளிது. ஆசிரியர் விதியை நாடவில்லை, பாத்திரத்தின் இயல்பையே நாடினார். வெடித்தபின் கஸ் கழுத்துப்பட்டியைச் சீர்செய்தவாறு வெளியே வருகிறான். அவன் முகத்தின் ஒரு பாதி செம்மையாக இருக்க, மறுபாதி சிதைந்து கிடக்கிறது. அவன் வாழ்வு முழுவதும் அக்காட்சியில் அடங்கிவிடுகிறது.

பாகப்பிரிவினையில் முளைத்த பகையை ஊர்விட்டு ஊர் வந்தும் நீர்வார்த்துப் பேணுவோர் நம்மிடையேயும் இலரோ? அவர்கள் இக்காட்சியை ஒருமுறை கண்டு சிந்திப்பாராக.